எங்கள் வீட்டுக் கொல்லையில் வெந்த மீன்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். வெங்காயம் நறுக்கினால்கூட ஜன்னலைச் சாத்திவிட்டு நறுக்குகிற தெரு. அந்தத் தெருவில், எங்கள் வீட்டுக் கொல்லையில், நான் மீன் வேகவைத்தேன். அதற்காக இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை. வெட்கப்பட்டது வேறொன்றுக்கு.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் தனியாக இருந்தார். அவர் வளர்த்த பழுப்புப் பூனைக்குப் பன்னிரண்டு வயதாகியும் பெயர் குட்டிதான். மகன் அவரைப் பெங்களூருக்கு அழைத்துப் போனபோது, அடுக்குமாடி வீட்டில் பூனை கூடாது என்று சொல்லிவிட்டானாம். பெட்டிகளை வண்டியில் ஏற்றிய பிறகு, பூனையைத் தூக்கி என் மகள் கையில் கொடுத்தார். "தயிர் சாதம் போதும்மா. வேற எதுவும் கேக்க மாட்டான்" என்றார். 

மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. முந்தைய வருடம்தான் அவளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்திருந்தது. குழந்தைகளுக்கு வரும் வகை. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி, ஆயுசு முழுக்க. தெருவில் யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை. "பொண் குழந்தை. நாளைக்குக் கல்யாணம்னு வரும். வெளியில மூச்சு விடாதே" என்றார் என் கணவர். நானும் தலையாட்டினேன். மருந்து ஃப்ரிட்ஜில் கறிவேப்பிலைக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அவள் மயங்கி விழாமல் இருக்க வேண்டுமே என்று தினமும் பள்ளி விடும் நேரம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

குட்டி வந்த கொஞ்ச நாளிலேயே இளைக்க ஆரம்பித்தது. கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தது. கிணற்றடியில் அது சிறுநீர் கழித்த இடத்தில் எறும்புகள் சாரை சாரையாக வந்தன. முதலில் கவனித்தவள் மகள்தான்.

"அம்மா, எனக்கு வந்ததுதான் இதுக்கும் வந்திருக்கு."

"பூனைக்காவது, சர்க்கரையாவது!" என்றேன்.

 தன் சிறுநீரைச் சோதிக்க வைத்திருந்த நீலக் கரைசலைக் கொண்டுவந்தாள். பூனை அடுத்த முறை கழித்ததும் சொட்டுக் குழாயால் உறிஞ்சி, கரைசலில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினாள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. சர்க்கரை உச்சத்தில் இருந்தால் வரும் நிறம்; மகளுக்கு எத்தனை காலைகள் அதைப் பார்த்திருக்கிறேன்!

அரசு கால்நடை மருத்துவமனையில், மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே கூடையோடு காத்திருந்தோம். மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார். இன்சுலின் போட்டால் பிழைக்கும் என்றார்.

"இன்னா சாப்பிடுது?"

"தயிர் சாதம்."

அவர் சிரித்துவிட்டார். "பூனைக்கா? மாமி, சோத்த நிறுத்துங்க. மீன் குடுங்க. மீன் துன்ன ஆரம்பிச்சா மருந்து கம்மியா போதும். அதனால அப்பப்போ கூட்டினு வந்து காட்டுங்க."

விஷயம் பக்கத்து வீட்டு மாமிக்கு எப்படியோ எட்டிவிட்டது. மதில் மேல் எட்டிப் பார்த்து, "சர்க்கரை வந்த பூனைக்கு ஊசியாம், மீனாம்! சாக்குல போட்டுப் பாலாத்துக்கு அந்தண்ட விட்டுட்டு வாங்கோ. சீக்குப் பிடிச்சதை வச்சுண்டு காலம் பூரா மாரடிக்க முடியுமாடி?" என்றார். கதவுக்குப் பின்னால் என் மகள் நிற்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் என்ன? அவளுக்கு என்ன வியாதி என்பதே தெரியாதே.

அன்று மாலை ஊசி போட்டுக்கொண்டே மகள் கேட்டாள்: "சீக்குப் பிடிச்சா விட்டுடணுமாம்மா?"

மறுநாள் காலை துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நெசவாளர் தெரு முனையில் தென்னேரி ஏரி மீனைக் கூறு போட்டு விற்கும் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாமா, வழி தவறி வந்துட்டியா?"

"மீன் வேணும். பூனைக்கு."

"பூனைக்கா? நம்பிட்டேன் போ!" என்று பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்தாள். "கூச்சப்படாத, நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். ஜிலேபி மீன் இருக்குது, எடுத்துக்கினு போ. உப்பு, காரம் ஒண்ணும் போடாம வேக வச்சு, முள்ளு எடுத்துட்டுக் குடு."

பெயரைக் கேட்டதும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "சர்க்கரை வந்தவனுக்கு ஜிலேபியா!" நோய் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கொல்லைக் கோடியில் பழைய மண்ணெண்ணெய் அடுப்பை வைத்து, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வேகவைத்தேன். முதல் நாள் குமட்டியது. கணவர் கிணற்றுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு கத்தினார். "உள்ள பெருமாள் இருக்கார்டி!"

"அவரே ஒரு தடவை மீனா வந்தவர்தானே? கோச்சுக்க மாட்டார்."

"அதனாலதாண்டி வேகவைக்காதேங்கறேன்!"

மாமி மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு வாசலுக்கே வந்தார். தெருவில் நடக்க முடியவில்லையாம். "வேகறது எங்க கொல்லையில. உங்காத்து அடுப்புல இல்ல. பூனை இருக்கற வரைக்கும் வேகும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். என் வாழ்க்கையில் நான் யார் முகத்திலும் அதற்கு முன்பு கதவைச் சாத்தியதில்லை. குட்டிக்கு முடி மினுமினுக்க ஆரம்பித்தது.

பிறகு கருட சேவை வந்தது. வீடு முழுக்க உறவினர். தெருவில் கூட்டம், வண்டிகளை முனையிலேயே நிறுத்திவிட்டார்கள். மீன்கார அம்மாள் அன்று வரவில்லை. பழக்க தோஷத்தில் காலையில் குட்டிக்கு ஊசியைப் போட்டுவிட்டேன். மிச்சமிருந்த மீனை வைத்தேன், அது இரண்டு வாய் தின்றதோடு சரி. பந்தி பரிமாறும் அவசரத்தில் மறந்தும்விட்டேன்.

மத்தியானம் கொல்லைக்குப் போனால், குட்டி கிணற்றடியில் கிடக்கிறது. வாயில் நுரை. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. நான் போட்ட அலறலில் எல்லோரும் ஓடிவந்தார்கள், மாமியும்தான். மருத்துவரிடம் கொண்டுபோக அந்தக் கூட்டத்தில் வழியில்லை. 

"உயிர் போறது. துளசி தீர்த்தம் விடுங்கோ" என்றார் மாமி.

"தள்ளுங்கோ!"

பட்டுப் பாவாடையோடு மகள் எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்தாள். "லோ ஆயிடுத்தும்மா. சர்க்கரை இறங்கிப் போச்சு." கையில் அவளுடைய குளுக்கோஸ் டப்பா. இரண்டு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, பூனையின் கன்னத்துக்குள்ளும் ஈறிலும் விரலால் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. குட்டியின் நாக்கு மெல்ல வெளியே வந்து அந்த விரலை நக்கியது.

"உனக்கு எப்படிடி இதெல்லாம் தெரியும்?" என்றார் மாமி.

'ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தா' என்ற பொய் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

மகள் நிமிரவே இல்லை. "எனக்கும் இதே வியாதிதான் மாமி. தினம் ரெண்டு ஊசி. எனக்கும் இப்படித்தான் கை காலெல்லாம் உதறும்."

அத்தனை உறவினரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாம்" என்றேன். "சீக்குப் பிடிச்சதுதான். எதையும் நாங்க ஆத்தங்கரையில விட மாட்டோம்."

மாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டார்.

மருத்துவர் மருந்தைப் பாதியாகக் குறைத்தார். குட்டி அதன் பிறகு இரண்டு வருடம் போல, துவைக்கிற கல்லில் வெயில் காய்ந்துகொண்டு இருந்தது. மாமி கடைசிவரை மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் வாசலைக் கடந்தார். நானும் கடைசிவரை வேகவைத்தேன்.

மகள் கொஞ்சம் அதிகமாகத் தூங்கினால், இன்றைக்கும் ஓடிப்போய் நெற்றியில் வியர்க்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன்; அந்தப் பயம் போகவில்லை, போகவும் போகாது. ஆனால் ஒரு கிழட்டுப் பூனைக்காகத் தெருவோடு சண்டை போட்ட நான், பெற்ற பெண்ணைக் கறிவேப்பிலைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேனே என்று கருட சேவை அன்று உறைத்தது. அன்று மாலையே அந்த மருந்தை எடுத்து ஃப்ரிட்ஜ் கதவிலேயே வைத்தேன். அது யாருக்கு என்று யாரும் கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன்.