நான் அடித்துவிட்ட நாலரை அங்குலம்

1. கிள்ளுகிற மிஸ்ஸி

"புள்ளய ஏன் மிஸ்ஸி கிள்றீங்க? அது என்ன பாவம் பண்ணுச்சு?"

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. எங்கள் ஊரில் நர்ஸையும் கிளினிக்கில் வேலை பார்க்கும் பெண்களையும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். என் கையில் கேலிப்பர் இருந்தது. குழந்தையின் மேல்கையில் தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து, அந்த மடிப்பின் தடிப்பைக் கேலிப்பரால் அளக்க வேண்டும். குழந்தை வீறிட்டது. எனக்குப் பத்தொன்பது வயது. கேலிப்பரை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது.

மலாக்கா காஜா பெராங் சாலையில், ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் அந்தக் குழந்தை கிளினிக் நடந்தது. மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, இன்னும் சில மாதங்கள் இருந்தன. கான்வென்டில் படித்த இங்கிலீஷ், வீட்டுத் தமிழ், தெருவில் கற்ற மலாய் மூன்றும் எனக்கு வரும் என்பதால் அதை நடத்திய டாக்டரம்மா என்னை எடுத்துக்கொண்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பிறந்தது முதல் ஆறு மாதம் வரை குழந்தையின் உடம்பு எப்படி வளர்கிறது, ஏறுகிற எடையில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று பார்க்க ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழந்தையையும் எடை போட்டு, நீளம் பார்த்து, தலையையும் மேல்கையையும் டேப்பால் சுற்றி அளந்து, கேலிப்பர் வைத்து, எல்லாவற்றையும் கார்டில் எழுதுவது என் வேலை.

ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. கை பழகியதும் வாயும் நீண்டது. தாய்மார்களை அதட்ட ஆரம்பித்தேன்.

2. செல்வம்

பாக்கியம் ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து குடியேறியவள். புருஷன் சிங்கப்பூரில் வேலை. அவளுடைய முதல் குழந்தை செல்வம். பிரசவமான ஆறாவது வாரமே ரப்பர் ஸ்டோரில் ஷீட்டுகளைத் தரம் பிரிக்கும் வேலைக்குத் திரும்பிவிட்டாள். பகலெல்லாம் குழந்தை மீனாச்சியிடம் இருந்தது. மீனாச்சி, கம்போங் செட்டியில் பக்கத்து வீட்டுக்காரி. பெயர்தான் தமிழ்ப் பெயர். பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து குடியேறிய மலாக்காச் செட்டிகள் எல்லாரையும் போல அவளுக்கும் பேச்சு மலாய்தான்.

"தாய்ப்பால் குடுக்குறியா?" என்று ஒவ்வொரு தடவையும் பாக்கியத்திடம் கேட்பேன்.

"குடுக்குறேன் மிஸ்ஸி" என்பாள். நானும் அப்படியே எழுதிக்கொள்வேன்.

மூன்றாவது மாதத்தில் செல்வத்தின் எடை நின்றுவிட்டது. இரண்டு தடவை வந்தும் ஓர் அவுன்ஸ்கூட ஏறவில்லை. எனக்குக் கவலையாக இருந்தது. அடுத்த தடவை பாக்கியத்துக்கு லீவு கிடைக்காமல் மீனாச்சி தூக்கிக்கொண்டு வந்தாள். தராசில் கிடத்தினேன். பதினான்கு அவுன்ஸ் ஏறியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கன்னம் உப்பி, பாதம் பளபளவென்று இருந்தது. கேலிப்பர் வைத்தபோதுகூட அவன் அழவில்லை. நல்ல பிள்ளை என்று கொஞ்சினேன்.

மீனாச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவன் காலைத் தொட்டுக் காட்டி, "காக்கி டியா பெங்காக், மிஸ்ஸி" என்றாள். கால் வீங்கியிருக்கிறது என்கிறாள். எனக்குப் புரியாமல் இல்லை. குழந்தை கொழுத்திருக்கிறது, இவளுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எடை ஏறியிருக்கிறது, பயப்படாதே என்று மலாயில் சொன்னேன். அவள் இன்னொரு முறையும் அதையே சொன்னாள். நான் டேப்பை எடுத்துவிட்டேன்.

மேல்கைச் சுற்றளவு நாலரை அங்குலம். போன தடவை நாலே முக்கால். எடை ஏறின குழந்தைக்குக் கை எப்படி மெலியும்? டேப்பை இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது என்று தளர்த்திப் பிடித்துப் பார்த்தேன். நாலே முக்கால் வந்தது. எழுதியிருந்த நாலரையை அடித்துவிட்டு அதை எழுதினேன். அடுத்த குழந்தையைக் கூப்பிட்டேன்.

டாக்டரம்மா அப்போது கோலாலம்பூர் போயிருந்தார். பத்து நாள் கழித்து வந்து கார்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். செல்வத்தின் கார்டில் கை நின்றது.

"முதல் எத்தனை வந்தது?"

"நாலரை, டாக்டர். தப்பா அளந்துட்டேன்."

"ஆர் சொன்னது பிழையெண்டு?"

நான் கார்டில் அடித்திருந்த கோட்டைப் பார்த்தேன்.

"காலை அமத்திப் பாத்தனீரா?"

அழுத்திப் பார்க்கவில்லை என்று தலையாட்டினேன். அவர் கார் சாவியை எடுத்தார்.

மீனாச்சி வீட்டில் செல்வம் பாயில் கிடந்தான். முகம் இன்னும் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. டாக்டரம்மா அவன் பாதத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. மாவில் விரல் பதித்ததுபோல் இருந்தது. அலமாரியில் ஒரு டின் கண்டென்ஸ்ட் மில்க். அதில் ஒரு கரண்டியைத் தண்ணீரில் நிறையக் கரைத்து, பகலெல்லாம் அதையே கொடுத்திருக்கிறார்கள். வெறும் சர்க்கரைத் தண்ணீர். சத்தில்லாமல் தசை கரைந்து, உடம்பில் நீர் கோத்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் டாக்டரம்மா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "கொழுப்பு, தசை, தண்ணி. தராசுக்கு மூண்டும் ஒண்டுதான். அதுக்காகத்தானே டேப்பும் கேலிப்பரும் உம்மட கையில தந்தனான்."

மூன்றாம் நாள் காலையில் செல்வம் இறந்துபோனான். பத்து நாள் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தெரியாது, பிள்ளை" என்றார். பிழைத்திருப்பான் என்றோ மாட்டான் என்றோ சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை வருஷம் அந்தக் கணக்கு ஓடியிருக்காது.

3. பாக்கியத்தின் கேள்வி

ஒரு மாதம் கழித்துக் கிளினிக் முடிகிற நேரத்தில் பாக்கியம் தனியாக வந்தாள். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, தாய்மார்களிடம் நாங்கள் கொடுத்தனுப்பும் வீட்டுக் கார்டை என்னிடம் நீட்டினாள். அதில் பதினான்கு அவுன்ஸ் கூடுதல் என்று என் கையெழுத்தில் இருந்தது.

"எட ஏறுச்சுன்னு எழுதியிருக்குன்னு ஸ்டோர்ல கணக்கெழுதுற கிராணி படிச்சுச் சொன்னாரு. அன்னிக்கு வேலையில எல்லார்கிட்டயும் சொன்னேன். என்ன ஏறுச்சு மிஸ்ஸி?"

டாக்டரம்மாவைக் கேள் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். உள்ளேதான் இருந்தார். ஆனால் எழுதினது நான்.

"தண்ணிதான், அக்கா. ஒடம்புல நீர் கோத்திருச்சு. கை மெலிஞ்சு போனது டேப்புல தெரிஞ்சுது. நான் தப்பா அளந்துட்டேன்னு நெனச்சு அடிச்சு எழுதிட்டேன். மீனாச்சி கால் வீங்கியிருக்குன்னு ரெண்டு தடவ சொன்னா. நான் கேக்கல."

ஏசுவாள், அழுவாள், அடித்தாலும் அடிக்கட்டும் என்று நின்றேன். அவள் கையால் பெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"வேலைக்குப் போன ஒரு மாசத்துல எனக்குப் பாலு நின்னுபோச்சு மிஸ்ஸி. சொல்லலாம்னுதான் ஒரு நாளு வந்தேன். அன்னிக்கு டின் பால் குடுக்குறான்னு ஒரு பொண்ண எல்லாருக்கும் முன்னால ஏசினீங்க. தாயா நீன்னு கேட்டீங்க. நான் இந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன்."

அந்தப் பெண்ணின் முகம் எனக்கு நினைவில்லை. ஏசினது நினைவிருந்தது. சத்தமாக ஏசினேன் என்றும், பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள் என்றும் நினைவிருந்தது. பயந்து திருந்துவார்கள் என்று அன்றைக்குப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பாக்கியம் கார்டைத் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. செங் என்ற ஊர்ப் பக்கம் போய்விட்டதாகப் பின்னால் மீனாச்சி சொன்னாள்.

ஆய்வை எழுதி முடித்தபோது, செல்வத்தின் வரியில் நாலரை அங்குலத்தை என் கையாலேயே திரும்ப எழுத வைத்தார் டாக்டரம்மா. அது தண்டனை இல்லை. அந்த அளவுதான் சரி.

முப்பது வருஷத்துக்கு மேல் குழந்தைகளை எடை போட்டேன். புதிதாக வருகிற மிஸ்ஸிகளிடம் தராசை எப்படிச் சரிபார்ப்பது என்று எல்லாரும் சொல்லிக்கொடுப்பார்கள். நான் சொல்வது வேறு. இரண்டு அளவு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதி, உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். குழந்தையைப் பகலெல்லாம் மடியில் வைத்திருப்பவள் ஏதாவது சொன்னால், அவள் சொன்ன வார்த்தையிலேயே கார்டில் எழுதுங்கள். தாயிடம் என்ன கொடுக்கிறாய் என்று கேட்கும்போது, அவள் என்ன பதில் சொன்னாலும் அவளுக்கு அவமானம் வராது என்பதை உங்கள் முகம் காட்ட வேண்டும். பாக்கியம் என்னிடம் பொய் சொன்னாள். அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தது நான்தான்.