பிரபுவின் உபயத்தை நான் எடுத்த கதை

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். பாரிஸில் நம்மவர் கடைத்தெருவான லா சப்பலில், உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, இன்று அங்கேயே ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் சொந்தமாக இரண்டு கடை வைத்திருக்கிறேன். வீடு மட்டும் ரயிலில் போகும் தூரத்தில், ஆற்றங்கரைப் பழைய ஊர் ஒன்றில். அந்த ஊரை முற்காலத்தில் ஆண்ட முதல் பிரபுவைப் பற்றி என்னளவுக்குப் பேசக்கூடிய தமிழன் பிரான்சிலேயே கிடையாது. இதை எங்கு கேட்டாலும் சொல்வேன்.

பிரபுவை எனக்கு அறிமுகப்படுத்தியவர் பக்கத்து வீட்டு மதாம். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை. ஊரின் பழைய தேவாலயக் கதவுத் திறப்பும் அவர் கையில்தான். வேலிக்கு மேலால் அவர் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

பிரபுவும் வெறுங்கையோடு வந்தவனாம்! பெரிய கோமகன் ஒருவனுக்குக் காவல் நின்றவன். மண்ணைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் மரக் கோபுரம் கட்டி, ஆற்றில் வந்த உப்புத் தோணிகளிடம் தீர்வை வாங்கி ஆளாகியிருக்கிறான். கையெழுத்து வராது, சிலுவைதான் கீறுவான். அவன் மகன் மரக் கோபுரத்தைப் பிடுங்கிவிட்டுக் கல்லில் கட்டினான்.

சாகுமுன் அந்த முதல் பிரபு தன் ஆற்றங்கரை மாவு ஆலையைத் தேவாலயத் துறவிகளுக்கு எழுதிவைத்தான். ஆலை வருமானத்தில், அவன் நினைவு நாளில் ஆண்டுதோறும் தேவாலயத்தில் ஒரு விளக்கு எரிய வேண்டும். பேரன் வந்து ஆலையைப் பறித்துக்கொண்டான். துறவிகள் அவனைத் தேவாலய வாசலோடு மறித்துவிட்டார்கள். கடைசியில் அவன் வெறுங்காலோடு வந்து, உரிமையை விட்டதற்கு அடையாளமாகத் தன் கையுறையைக் கழற்றிப் பீடத்தில் வைத்து, ஆலையைத் திருப்பிக் கொடுத்தான். காலப்போக்கில் வம்சம் அற்றுப்போக, விளக்கும் நின்றுபோனது.

"மதாம், இது உபயம்!" என்று கத்திவிட்டேன்.

எங்கள் கோயில்களில் ஒரு நாள் திருவிழாவை ஒரு குடும்பம் பொறுப்பெடுக்கும். அதுதான் உபயம். அந்தக் குடும்பம் விட்டுவிட்டால் இன்னொருவர் எடுக்கலாம். இதையெல்லாம் என் பிரெஞ்சில் விளக்கி, "இதை இனி நான் எடுக்கிறேன்" என்றேன். மதாம் சிரித்தபடி தலையாட்டினார். எனக்கு அது போதும்.

மறுநாளே லா சப்பல் முழுக்கச் சொல்லிவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் விடவில்லை.

"அண்ணை, வெள்ளைக்காரன்ர பிரபுவுக்கு நீங்கள் என்ன முறை?"

"அவனும் படிக்கேல்லை, நானும் படிக்கேல்லை. இவ்வளவும் காணாதே?"

பிரபுவின் நினைவு நாளன்று ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பொங்கல், வடை, குத்துவிளக்கு, ஒரு போத்தல் எண்ணெய். தேவாலய வாசலில் மதாம் திகைத்து நின்றார்.

"உள்ளே நெருப்பா? சுவரில் பிரபு காலத்து ஓவியம் இருக்கிறது. ஒரு மெழுகுதிரிக்குக்கூட இடமில்லை."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை பேரைக் கூட்டிவந்து வாசலில் நிற்கிறேன். என் வாய்ச்சொல்லுக்கு இனி லா சப்பலில் என்ன மதிப்பு?

"என்ன அண்ணை, உபயகாரரையே வெளியிலை விட்டிட்டினமோ?" என்றார் கடைக்காரர். "அந்தப் பேரன்ர நிலைமைதான் உங்களுக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ பொறி தட்டியது. பேரன்! சப்பாத்தைக் கழற்றினேன். குளிருக்குப் போட்டிருந்த கையுறையையும் கழற்றி வாசற்படியில் வைத்தேன்.

"மதாம், நான் எதையும் பறிக்க வரவில்லை. அவனுடைய விளக்கு எரிந்தால் போதும். இடத்தை நீங்களே சொல்லுங்கள்."

மதாம் என் காலைப் பார்த்தார், கையுறையைப் பார்த்தார். பிறகு கைதட்டிச் சிரித்தார்.

"ஆலை!" என்றார். "ஆலைதானே விளக்குக்கு எண்ணெய் கொடுத்தது!"

ஆற்றங்கரையில் இடிந்த ஆலைச் சுவர் ஒன்று நிற்கிறது. வெறும் கல்; புகைக்குப் பயமில்லை. காற்றை மறித்து எல்லோரும் சுற்றி நிற்க, நான் திரியை ஏற்றினேன். சுடர் நின்றது! மதாம் பிரபுவின் கதையைப் பிரெஞ்சில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். சொன்னால் நம்புங்கள், ஒருவரும் வடையைத் தொடவில்லை.

கதை முடிந்ததும் கடைக்காரர் பொங்கலோடு பக்கத்தில் வந்தார்.

"அண்ணை, வாற வருஷம் உபயத்தை எனக்குத் தாங்கோவன்."

"தரமாட்டன். வேணுமெண்டால் எண்ணெய் உம்மடை."

என்ன கேட்கிறார் என்று மதாம் விசாரித்தார். சொன்னேன்.

"அதற்குள் பேரன் வந்துவிட்டானா!" என்றார் அவர்.

சிரித்துக்கொண்டு குனிந்தபோதுதான், வெறுங்காலோடே ஆலை வரை நடந்து வந்திருப்பதைக் கண்டேன். சப்பாத்து இன்னும் தேவாலய வாசலிலேயே கிடந்தது.