புஸ்பம் வைக்காத நேர்த்தி

பேசாலையில் புஸ்பம் வீட்டு அடுப்பில் மூன்று நாளாக மீன் வேகவில்லை. நாலாம் நாள் ஊர் ஒரு முடிவுக்கு வந்தது: அவள் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறாள்.

தவக்காலம் முடிந்து ஐந்து மாதமான பிறகும் ஒரு கத்தோலிக்கப் பெண் மரக்கறி தின்றால், அதற்கான காரணத்தைப் பரலோகத்தில்தான் தேடுவார்கள். உண்மையான காரணம் பக்கத்திலேயே இருந்தது. நண்டுக் கம்பனியில் பதினொரு வருடமாக ஐஸ் தண்ணீருக்குள் வெறுங்கையை விட்டுச் சதை எடுக்கிறவள் அவள். விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. மேற்பார்வையாளன் ஜஸ்ரின் சொன்னான்:

"மூண்டு மாசம் பாப்பம் அக்கா. விரல் மடங்காட்டி வீட்டில இருந்து ஓய்வெடுங்கோ."

வேலையால் நிறுத்துவதற்கு எவ்வளவு அன்பான பெயர்!

கிளினிக்கில் டொக்டர் குளிசை எழுதிவிட்டுச் சொன்னார்: "சாப்பாட்டையும் மாத்துங்கோ. கீரை, பயறு, குரக்கன், மஞ்சள் நல்லாச் சேருங்கோ. சீனி, பொரியல், இறைச்சி வேண்டாம். மீன் கிழமையில ரெண்டு நாள் காணும். வெறுங்கை ஐஸில படவே கூடாது."

முதல் வல்லாரைச் சம்பலைக் கண்டதும் புருஷன் டொமினிக் சோற்றுக் கோப்பையைத் தள்ளினார்.

"நான் கடலுக்குப் போறது கத்தரிக்காய் பிடிக்கவோ?"

"பிடிச்சாக் கொண்டு வாங்கோ. அடம்பன் சந்தைக்கு பஸ் ஏறுற அலுப்பாவது மிச்சம்."

பக்கத்து வீட்டு அன்ரோனெற் வேலியால் எட்டிப் பார்த்தாள். "அக்கா, எப்பிடியும் நேர்த்தி இருக்கிறியள். என்ர மகன்ர விசாவையும் அதுக்குள்ள சேத்து விடுங்கோவன்."

"நேர்த்தியில்லையடி, வைத்தியம்!"

"ஓமோம், நேர்த்தியை வெளியில சொல்லக்கூடாதுதான்."

ஒரு கிழமைக்குள் இரண்டு கலியாணமும் ஒரு படகு எஞ்சினும் புஸ்பத்தின் பயற்றங்கறிமேல் வந்து ஏறிக்கொண்டன. டொமினிக்குக்கு மட்டும் நல்ல காலம். மனிசி நேர்த்தி இருக்க மனிசன் காய்கிறாரே என்று வீட்டுக்கு வீடு கூப்பிட்டுச் சூடை மீன் பொரித்துக் கொடுத்தார்கள்.

கைகளில் பொலித்தீன் பை கட்டிக்கொண்டுதான் புஸ்பம் வேலைக்குப் போனாள். இரண்டு மாதத்தில் வீக்கம் வற்றத் தொடங்கியது. விரல்கள் முக்கால்வாசி மடங்கின. கோயில் மூப்பர் ஓடி வந்தார்.

"பிள்ளை, ஞாயிறு பூசை முடிய மைக்கில ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லோணும்."

ஞாயிறு முன்வரிசையில் ஜஸ்ரின் கைகூப்பி நின்றான். அவன் பக்திக்கு அர்த்தமிருந்தது: மாதாவே சுகமாக்கினால் கம்பனி கையுறை வாங்கத் தேவையில்லை.

புஸ்பம் மைக்கைப் பிடித்தாள். வேலை போகும் என்ற பயம் இருந்தது. என்றாலும் சொன்னாள்.

"நான் மாதாவிட்ட ஒண்டும் கேக்கேல்லை. அவவுக்கு உங்கட விசா வேலையே தலைக்கு மேல. நான் குளிசை போட்டு, கீரையும் குரக்கனும் சாப்பிட்டனான். கையுறைதான் கேட்டனான், அதுவும் ஜஸ்ரின் தம்பியிட்ட. ஐஸில கைவைக்கிற நாப்பது பேருக்கும் வேணுமெண்டு கேட்டனான். மூண்டு தரம். அவர்தான் இன்னும் கேட்டருளேல்லை."

முதலில் சிரித்தது பாடகர் குழு. பிறகு கோயிலே சிரித்தது. நண்டுக் கம்பனிப் பெண்கள் எல்லாரும் ஜஸ்ரினைப் பார்த்தார்கள். அத்தனை பேரையும் வீட்டில் ஓய்வெடுக்க அனுப்பிவிட்டு நண்டை யார் உடைப்பது?

புதன்கிழமை நாற்பது சோடி கையுறை வந்தது. புஸ்பத்தின் இடத்தில் புஸ்பமே நின்றாள்.

ஊர் இப்போது ஒரே குரலில் சொல்கிறது: கையுறை வந்ததுதான் மாதா செய்த பெரிய அற்புதம்.