அம்மாவின் கையில் நின்ற ஏணி

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொல்லி உறவினர்கள் கேட்டார்கள். அம்மாவைப் பற்றி நல்ல வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் நம் சொந்தபந்தம் அவரைப் பற்றிச் சொல்லாமலே விட்ட ஒரு வார்த்தை இருக்கிறது. அதற்காகவே மூத்த மகளான நான் எழுத உட்கார்ந்தேன்.

அம்மா பிறந்தது சேர்வராயன் மலையில் இருக்கும் செம்மநத்தத்தில். அவருடைய தாத்தா காலத்தில் காப்பி எஸ்டேட் வேலைக்காக மலையேறி வந்த குடும்பம். தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அம்மாவை ஐந்தாவதோடு பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வெள்ளக்கடைப் பக்கம் அப்பா இருந்த எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவருக்குக் களி கிண்டுவதைத் தவிர வேறு சமையல் தெரியாது என்று அப்பா இப்போதும் கேலி செய்வார். அந்தப் பதத்தில் களி கிண்ட எனக்கு இன்றுவரை வரவில்லை. அம்மா கோபமே படாதவர் என்று எழுதினால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். யாராவது வேலையாட்களை மரியாதைக் குறைவாகப் பேசினால் கணக்கெழுதும் ரைட்டர் என்றும் பார்க்க மாட்டார், மேஸ்திரி என்றும் பார்க்க மாட்டார், சண்டைக்குப் போய்விடுவார்.

காப்பிப் பழம் எடுத்து முடிந்ததும் மிளகு வேலை தொடங்கும். கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி ஒருவர் ஏறுவார், ஒருவர் அடியில் பிடித்துக்கொள்வார். பெரும்பாலும் புருஷன் பெண்சாதிதான் ஜோடி. எங்கள் வீட்டில் அப்பா ஏறுவார், அம்மா பிடிப்பார். தூசியும் இலையும் கண்ணில் விழும் என்பதால் பிடிப்பவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அம்மாவும் ஏணியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

பனி மூடிய ஒரு காலையில் அப்பா மரத்திலிருந்து விழுந்தார். சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் கண்டது, தரையில் கிடந்த அப்பாவையும், ஏணியைப் பிடித்தபடி உறைந்து நின்ற அம்மாவையும். அன்று சாயங்காலத்துக்குள் மலை முழுக்கப் பேச்சு: "புடிச்சவ உட்டுட்டா. உட்டுட்டு, ஆளுங்க வர்றதுக்குள்ள மறுக்காப் புடிச்சுக்கிட்டா." முதலில் அப்படிச் சொன்னவர் அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை.

அப்பாவுக்கு இடுப்பு உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவர் சொன்னார்: "கொத்து எட்டலன்னு நாந்தான் ஏணிய உட்டுக் கிளைக்குப் போனேன். கிளை ஒடிஞ்சுபோச்சு." பெண்டாட்டியை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறான் என்றார்கள். அவர்கள் நம்பாதது எனக்குப் பெரிதில்லை. அம்மாவே நம்பவில்லை என்பதுதான் கொடுமை. "நான் மேல பாக்கலியே கண்ணு. என்ன அறியாம ஏணிய ஆட்டிப்புட்டனோ என்னமோ," என்பார். அதற்குப் பிறகு மிளகுக் காலம் வந்தாலே களையெடுப்புக்கு ஒதுங்கிக்கொண்டார். ஏணியைத் தொடவில்லை.

அப்பாவால் வெகுநேரம் நிற்க முடியாது. ஏரிக்கரை ரோட்டில் வீடியோ கேம்ஸ் கடை வைத்திருந்த ஒரு புண்ணியவான், உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும் வேலை தந்தார். புது மிஷின்களுக்கு நடுவே மூலையில் ஒரு பழைய மிஷினும் நின்றது. திரையில் அடுக்கடுக்காக இரும்புத் தளங்கள், தளத்துக்குத் தளம் ஏணி. உச்சியில் ஒரு குரங்கு பீப்பாய்களை உருட்டிவிடும். அவற்றைத் தாண்டித் தாண்டி ஒரு குட்டி மனிதன் மேலே போய்ச் சேர வேண்டும். சுற்றுலா வருகிற பிள்ளைகள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கூட்டம் இல்லாத நேரத்தில் அப்பாதான் அதில் ஏறிக்கொண்டிருப்பார்.

கல்லூரி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனோம். வெளியே நல்ல மழை, கடையில் இரண்டு பையன்கள்தான். அப்பா மிஷினைப் போட்டுக் காட்டினார்.

"ஏனுங்க, அந்தக் கொரங்க மொதல்ல தொரத்திப்போட்டு அப்பறம் ஏறப்படாதா?" என்றார் அம்மா.

"அது போவாது. நீ பாரு."

திரையில் அந்த ஆள் ஏணியில் கால் வைத்ததும் அம்மாவின் இரண்டு கைகளும் தாமாகப் போய் மிஷினை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. பையன்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்பா மட்டும் சிரிக்காமல், "ஆமா, கெட்டியாப் புடிச்சுக்க," என்றார்.

ஆள் இரண்டு தளம் ஏறினான். பீப்பாய்க்குப் பயந்து தளத்தின் ஓரத்துக்குப் போய், வெளியே கால் வைத்து விழுந்தான். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "இன்னொருக்கா ஏத்துங்க," என்றார். இன்னொரு முறையும் அதே மாதிரிதான் விழுந்தான். அம்மா திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, ஏணி அங்கயே நிக்குதே."

"நிக்குது."

"இவந்தான் வெளிய கால வெச்சு உழுவறான்."

"அதத்தான் புள்ள, நான் ஆஸ்பத்திரியிலருந்து சொல்லீட்டிருக்கேன்."

 "அன்னைக்கும் நீங்க கீழ கெடக்கறப்ப ஏணி எங் கையிலதானுங்க நின்னுச்சு," என்றார் அம்மா. மிஷினைப் பிடித்தபடியே விம்மி விம்மி அழுதார். சிரித்த பையன்கள் என்ன ஏதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்கள். ஏணியையும் ஏறுகிற ஆளையும் அம்மா ஒன்றாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

வேண்டுமென்றே விழுந்தீர்களா என்று பிறகு அப்பாவைக் கேட்டேன். "அந்த மிசின்ல நான் உழுவாத நாளே இல்ல சாமி," என்றார்.

அடுத்த மிளகுக் காலத்தில் அம்மா தாமாகவே மேஸ்திரியிடம் போய், "ஏணி புடிக்க நான் வர்றனுங்க," என்றார். அவர் பிடித்தால் ஏற மாட்டோம் என்று சிலர் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு மறுநாளும் அதே இடத்துக்கு வேலைக்குப் போக எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! நானாக இருந்தால் மலையை விட்டே இறங்கியிருப்பேன். மனைவி பிரசவத்துக்குப் போயிருந்த ஒரு தம்பி, "அக்கா புடிச்சா நான் ஏறறேன்," என்று முன்வந்தார். முழங்கால் ஒத்துழைத்த வரையில் அம்மா ஏணி பிடித்தார். நான் கல்லூரியை முடித்ததும், என் தம்பி சொந்தமாக ஜீப் வாங்கி ஓட்டுவதும் அந்த உழைப்பில்தான்.

கடைசியில் சிறுநீரகம் பழுதாகி அம்மா படுத்துவிட்டார். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அந்த வருஷம் போக முடியாததுதான் அவருக்குப் பெரிய குறை. அத்தை எங்கள் வீட்டுக்கே வந்து தங்கி, முகம் சுளிக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டார். பெற்ற மகள் நான்கூட அவ்வளவு செய்யவில்லை. அம்மாவின் காரியம் முடிந்த அன்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொஸ்தகம் போடறப்ப ஒண்ணு எழுதிடு கண்ணு. அண்ணி ஏணிய உடல. நாந்தான் பாக்காமயே பேசிப்புட்டேன். அவுங்க உசுரோட இருக்கறப்பச் சொல்ல நொம்ப நாளு வாயெடுத்தேன், வர்ல. எம் பேரச் சொல்லியே எழுது, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

பெயர் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இதைச் சொல்லத் துணிந்த அத்தைக்குத்தான் என் முதல் நன்றி. அப்பாவுக்கு வேலை தந்த கடைக்காரருக்கும், அக்கா என்று நம்பி ஏறிய அந்தத் தம்பிக்கும், கொட்டும் மழையில் அம்மாவைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்த எஸ்டேட் ஆட்களுக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த லைன் வீட்டுத் தாய்மார்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அம்மா அன்று ஏணியை விடவில்லை. விட்டுவிட்டாள் என்ற பேச்சை ஒரே சாயங்காலத்தில் மலை முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள் அல்லவா, அதே வேகத்தில் இதையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.