கதவில்லாத கார்

காரின் இடது பக்கத்தில் என் மனைவியின் கை கைப்பிடியைத் தேடித் தடவியது. விண்டேஜ் கார் ராலிக்கு அந்தக் காலத்துப் பாணியில் உடுத்தி வருவது இங்கே வழக்கம். அவள் கஞ்சி போட்ட சிவப்புக் கரைப் புடவையில் வந்திருந்தாள். கைப்பிடி இல்லை. கதவே இல்லை. முந்தின வாரம் ஹவுராவில் ஒரு டிங்கரிங் பட்டறையில் கொடுத்து அதை அடைத்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

கூரை மடங்கும் அந்த பிரிட்டிஷ் கார் ஒரு காலத்தில் இங்கிலாந்தில் பந்தயம் ஓடியது. பிறகு ஒரு தேயிலைத் தோட்டத் துரையோடு கப்பலேறி வந்தது. பெஹாலாவில் ஒரு கொட்டகையில், கோழிகள் அடைந்துகிடந்த நிலையில் அதை வாங்கினேன். உத்தியோகம் போக மிஞ்சிய ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அது தின்றது. அவளுடையவற்றையும்தான். மண்ணெண்ணெயில் கழுவிய போல்ட்டு நட்டுகளைப் பழைய இட்லித் தட்டின் குழிகளில் அளவுவாரியாகப் பிரித்து வைத்தது அவள். இன்ஜின் முதன்முதலாக உறுமியபோது பக்கத்து இருக்கையில் இருந்ததும் அவள்.

அப்புறம் எனக்கு ஒரு புகைப்படம் கிடைத்தது. பந்தயத்தில் ஓடும் இதே கார். அதில் கதவு இல்லை. பிற்காலத்தில் யாரோ வசதிக்காகக் கதவு வெட்டியிருக்கிறார்கள். அசல் வடிவத்துக்கு நடுவர்கள் தனி மதிப்பெண் தருவார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அசல் என்று ஒன்று தெரிந்துவிட்டால் வேறெதுவும் கண்ணில் படாது. ஆனால் அவளுடைய முழங்கால் வலி என் கண்ணில் படாமல் இல்லை. காலைத் தூக்கிப் போட்டு ஏற அவளால் முடியாது. தெரிந்தேதான் அடைத்தேன்.

"பந்தயம் ஓட்டினவன் எவனும் புடவை கட்டல போல," என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"பௌதி வரலையா?" என்று, அவளை அண்ணி முறை வைத்து அழைக்கும் பக்கத்து வீட்டு வங்காளி நண்பர் தயங்கினார்.

"நீங்க ஏறுங்க தாதா. இவருக்குக் கோப்பை வேணும்."

கோப்பை கிடைத்தது. அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. வீடு திரும்பியதும் காபி கொடுத்து, ராலி எப்படி இருந்தது என்று கேட்டாள். அதற்குப் பிறகு அந்தக் காரில் அவள் ஏறவில்லை.

போன மாதம் அதே பட்டறையில் கதவைத் திரும்ப வெட்டச் சொன்னேன். வாசலில் நிறுத்தி, திறந்து பிடித்துக்கொண்டு, "வா, கடைக்குப் போய்வரலாம்," என்றேன். அவள் ஒருமுறை சாத்தித் திறந்து பார்த்தாள்.

"நல்லா சாத்துது. நான் ஆட்டோல முன்னாடி போறேன். நீங்க பின்னாலயே வாங்க, அரிசி மூட்டையை இதுல வச்சுக் கொண்டாந்துடலாம்."

முழங்காலில் ஒரு கையை ஊன்றியபடி, தெருமுனை ஆட்டோவை நோக்கி மெல்ல நடந்தாள்.