குடை போட்ட பிளேட்டைத் தேடி உத்திரமேரூருக்கு

உத்திரமேரூருக்குப் போகிறவர்கள் கோவில் பார்க்கப் போவார்கள், கல்வெட்டு பார்க்கப் போவார்கள், நிலப் பத்திரம் பதியப் போவார்கள். நான் போனது ஒரே ஒரு இசைத்தட்டுக்காக. 2006 டிசம்பர், இரண்டாம் சனிக்கிழமை. எழுத இத்தனை நாள் ஆனதற்குச் சோம்பலைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் விஷயம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஹார்ட்கோர் ரேவ் என்று ஓர் இசை கொடிகட்டிப் பறந்தது. காலிக் கிடங்குகளிலும் வயல்வெளிகளிலும் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி விடிய விடிய ஆடுவார்கள். டிரம்ஸ் தலைதெறிக்க ஓடும், நடுவில் பியானோ வந்து விழும், பாடுகிற பெண்ணின் குரலை வேகம் கூட்டிக் கூட்டி எலி கீச்சிடுவது மாதிரி ஆக்கியிருப்பார்கள். என் அம்மா ஒரு முறை கேட்டுவிட்டு, "மிக்ஸில எதையோ போட்டுட்டு மூட மறந்துட்டாங்க போல" என்றாள். எனக்கோ அதுதான் உயிர். தாம்பரத்தில் என் அறையில் இந்த வகைத் தட்டுகள் நாற்பத்து மூன்று இருக்கின்றன. மாடி அறை, கீழே வீட்டுக்காரர் குடும்பம். அதனால் ஆயிரம் பேர் சேர்ந்து ஆட வேண்டிய இசையை, நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து கேட்கிறேன், பதினான்கு வருடமாக.

இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தவன் சேகர். பாலிடெக்னிக் விடுதியில் என் அறைத் தோழன். படிப்பு முடிந்ததும் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனான். 1992-ல் ஏதோ ஓர் ஆங்கிலத் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, ரேடியோவில் வந்ததைக் கேசட்டில் பதிந்து எனக்கு அனுப்பினான். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு மூன்று நிமிடம் பத்து வினாடி ஓடும், டேப் தீர்ந்து டக்கென்று நின்றுவிடும். கூட வந்த கடிதத்தில் எழுதியிருந்தான்: "அந்தக் கடைசிப் பாட்டோட பிளேட்டைக் கடையில பார்த்தேன்டா. பேரே இல்ல, வெள்ளை லேபிள்ல ஒரு குடை முத்திரை மட்டும். போட்டுக் கேட்டேன், வாங்கக் காசில்ல. முடிவுல ஒண்ணு வருது. எழுதினா புரியாது, நேர்ல சொல்றேன்."

நேரில் அவன் வரவேயில்லை. கடிதங்களும் நின்றுபோயின. போன வருடம் எப்படியோ அவனுடைய மின்னஞ்சல் முகவரி கிடைத்தது. முடிவில் என்னடா வரும் என்று கேட்டு எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "எந்தக் கேசட்? ஞாபகம் இல்லையேப்பா." வாய்க்கு வாய் டா போட்டவன் இப்போது ப்பா போடுகிறான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருடம் தேடியும் கிடைக்காத அந்தப் பாட்டின் முடிவை நானே கேட்டுவிடுவது, கேட்காமல் சாவதில்லை என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

சென்னையில் பழைய தட்டு விற்கிற ஒருவரையும் நான் விட்டுவைக்கவில்லை. மூர் மார்க்கெட் பக்கம் ஒருவர் மட்டும் தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னார்: "குடை போட்ட பிளேட்டா? தொண்ணூத்தி மூணுல ஆர்பர்லர்ந்து ஒரு வெளிநாட்டு லாட்டு வந்துச்சி சார். உத்திரமேரூர் சவுண்ட் சர்வீஸ் பாய் அள்ளிக்கினு போனாரு."

தாம்பரத்தில் காலை 6.40 மின்சார ரயில், செங்கல்பட்டில் 7.30. டிக்கெட் 8 ரூபாய். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே பேருந்து நிலையம் என்பதால் ஆட்டோக்காரர்களிடம் மாட்ட வேண்டாம். 7.50-க்கு உத்திரமேரூர் பஸ், 34 கிலோமீட்டர், 11 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். புக்கத்துறையில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பிய பிறகு ஏரி பார்க்க இடப் பக்க ஜன்னல் கிடைத்தால் நல்லது, எனக்குக் கிடைக்கவில்லை. மடியில் தட்டைப் பத்திரமாகக் கொண்டுவருவதற்காகச் சதுரமாக வெட்டிய இரண்டு அட்டைகள் வைத்திருந்தேன், நடுவில் ஒரு மல் துணி.

"இன்னா சார், கண்ணாடியா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க, இன்னும் ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சில்லறை கொடுத்தார்.

அந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருந்தது, ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நான்கு இட்லி 8 ரூபாய். சட்னி சுமார், டீ பிரமாதம். டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன். "பாய் கடையா? இப்டியே நேரா போ சார். கூம்பு ஸ்பீக்கரு தொங்கினு கீற வூடு." எட்டு நிமிட நடை.

யூசுப் பாய்க்கு அறுபதைத் தாண்டியிருக்கும். கட்டம் போட்ட கைலி, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் மைக் ஒயருக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த சூட்டுக்கோல். சுற்றிலும் ஸ்பீக்கர்கள், சீரியல் பல்புச் சரங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கூம்புகள். விஷயத்தைச் சொன்னேன். நிமிராமலே கேட்டார்: "குடையா? அத்துக்கா பட்டணத்துலர்ந்து வந்த?"

மர ஏணி போட்டுப் பரணில் ஏறி, ஐந்தே நிமிடத்தில் எடுத்துவந்துவிட்டார். நான் பதினான்கு வருடம் தேடினதை அவர் கைலியில் துடைத்துக் கொடுத்தார். வெள்ளை லேபிள், ஊதா மையில் குடை.

தட்டின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் பூத்திருந்தது, ஊசி தேய்த்துத் தேய்த்து. அதற்கு உள்ளே ஒரு கீறல்கூட இல்லாமல் கன்னங்கரேலென்று மினுங்கியது. இது எப்படி என்று கேட்டேன்.

"சேர் போட்டி நைனா. பொங்கலுக்கு பொம்பளைங்க சேரைச் சுத்தி ஓடுவாங்கோ இல்ல? சினிமா பாட்டு போட்டா பேஜாரு. எங்க நிறுத்துவேன்னு கண்டுபுடிச்சி டக்குனு குந்திடுவாங்கோ. இத்த போட்டா ஒருத்திக்கும் புரியாது. ஒரு நிமிசம் ஓட்டுவேன், ஊசிய எடுத்துடுவேன். அடுத்த ஆட்டத்துக்கு மறுபடி ஓரத்துலர்ந்து. நடுவுல ஊசி வெக்கக் கூடாது, கீறிக்கும்."

"அப்ப முழுசா கேட்டதே இல்லியா?"

"இன்னாத்துக்கு?"

இருநூறு ரூபாய் கேட்டார். சிடிக்கு மாறி நான்கு வருடம் ஆகிறது, பிளேட்டெல்லாம் பரணில் தூசிதான் தின்கிறது என்றார். நான் பேரம் பேசவில்லை. நோட்டுகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அட்டைக்குள் வைத்து அப்படியே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் தட்டு சேகரிக்கிறவனுக்கு ஒரு வழக்கம் உண்டு, வாங்கின இடத்திலேயே ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் நகரமாட்டான். அந்த வழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

பாய் தன் பழைய பிளேயரைத் தூசி தட்டி எடுத்தார். பெரிய கூம்பு ஒன்றில் ஒயரை மாட்டினார். ஊசியை வைத்தார். முதலில் கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி இரைச்சல், அதற்குள் எங்கோ டிரம்ஸ். ஆனால் இது என் பாட்டு இல்லை. டிரம்ஸ் சாமி ஊர்வலத்துக்கு நடக்கிற மாதிரி நிதானமாக நடந்தது. குனிந்து பார்த்தேன். வேகத்தை 33-ல் வைத்திருந்தார்.

"பாய், இது நாப்பத்தஞ்சுல ஓடணும்."

"சின்ன பிளேட்டுதான் நாப்பத்தஞ்சி. பெரிய பிளேட்டு முப்பத்திமூணு. நாப்பது வருசமா இந்தத் தொழில்ல கீறேன்." நம் ஊரில் அச்சான தட்டுகளுக்கு அந்தக் கணக்கு சரி. இங்கிலாந்துக்காரன் பெரிய தட்டையும் 45-ல் வெட்டுவான் என்று அவரிடம் யார் சொன்னார்கள்? ஆக, எட்டொன்பது பொங்கலாக இந்தத் தாலுகா பெண்கள் ஹார்ட்கோர் ரேவை முக்கால் வேகத்தில் சுற்றி வந்திருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் மானாம்பதியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார், பேரனின் காதுகுத்துக்கு சவுண்ட் செட் சொல்ல. படி ஏறும்போதே, "இன்னா பாய், சேர் பாட்டு போட்டுக்கினு கீற?" என்றார்.

பதினான்கு வருடத்தில் அந்தப் பாட்டைக் கேட்டு அடையாளம் சொன்ன முதல் ஆள். "உங்களுக்கு இந்தப் பாட்டு தெரியுமாம்மா?" என்றேன், கேனத்தனமாக.

"தெரியாதா? இதுல எவர்சில்வர் டப்பா ஜெயிச்சேன். இப்பவும் வூட்ல அரிசி அதுலதான் கீது."

ஊசி சாம்பல் வளையத்தைத் தாண்டியது. இரைச்சல் விலகிப் பாட்டு கழுவிவிட்ட மாதிரி தெளிந்தது. வேகத்தை மாற்றச் சொல்ல வாயெடுத்தேன், அப்போது தட்டில் அந்தப் பெண் பாட ஆரம்பித்தாள். இத்தனை நாளும் எலிக்குரல் என்று நான் நினைத்திருந்தது, வேகம் குறைந்ததில் ஒரு சாதாரணப் பெண்ணின் குரலாக இருந்தது. கொஞ்சம் சளி பிடித்த, தனியாக இருக்கிற ஒருத்தியின் குரல். வேகம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"நிறுத்து பாய்" என்றார் மானாம்பதி அம்மாள். "ரொம்ப நேரமா ஓடினு கீது. எங்கியாவது குந்தணும் போல கீது எனக்கு." பாய் சிரித்து ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அந்த அம்மாள் உட்காரவில்லை.

கேசட் நிற்கிற இடம் வந்தது. வழக்கமான டக் வரவில்லை. பாட்டு போய்க்கொண்டே இருந்தது. டிரம்ஸ் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. பியானோ மட்டும் கொஞ்சம். அதுவும் நின்றது. அவள் சொல்லே இல்லாமல் எதையோ முனகிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு காலடிச் சத்தம், மரத் தரையில், ஒன்று, இரண்டு என்று ஏழெட்டு அடி. ஒரு கதவு திறந்து சாத்திக்கொண்டது. அவ்வளவுதான். பாடி முடித்தவள் எழுந்து வெளியே போய்விட்டாள். சேகர் நேரில் சொல்ல வைத்திருந்தது இதைத்தான்.

"யாரோ போய்ட்டாங்கோ" என்றார் பாய். பிறகு, "இன்னொரு தபா வெப்போமா?"

இரண்டாவது முறை நான் 45-ல் வைத்தேன், சரியான வேகத்தில். குரல் கீச்சிட்டது, கடைசியில் காலடிகள் தடதடவென்று ஓடின. பாய் முகத்தைச் சுளித்தார். "இப்டி வெச்சா ஓடறா. அப்டி வெச்சா நடக்கறா. நடக்கட்டும் வுடு." மறுபடி 33-க்குத் திருப்பி மூன்றாவது முறை போட்டார். காதுகுத்து அம்மாள் தேதி சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாய் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கூம்புக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

கதவு சாத்தினதும் சட்டைப் பையிலிருந்து என் இரண்டு நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து நீட்டினார். "கோச்சிக்காத நைனா. தர மாட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாங்கின காசைத் திருப்பித் தருவது என்ன நியாயம், பதினான்கு வருடமாக இதற்காக நாய் மாதிரி அலைந்தேன் என்றேன். கொஞ்சம் கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவர் கோபப்படவில்லை. "நீ பதினாலு வருசமா தேடின. எங்கிட்ட பதிமூணு வருசமா கீது, நான் கேக்கவே இல்ல. யாருக்கு நஷ்டம் ஜாஸ்தி, சொல்லு. இப்பத்தான் கேட்டேன். கொஞ்ச நாள் இங்க கீட்டும். நீ வா, எப்ப வேணா வா, வந்து கேளு. நாஷ்டா துன்னுட்டு போ."

அந்தப் பாட்டு வேண்டும் என்று என்னைத் தவிர இன்னொருவர் சொல்லி நான் பார்த்ததில்லை. அந்த ஆசையை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போக மனம் வரவில்லை. நோட்டுகளை வாங்கிக்கொண்டேன். நாஷ்டாவுக்கு நிற்கவில்லை, கோபம் பாதி மிச்சம் இருந்தது.

திரும்ப 1.15 பஸ். காலையில் வந்த அதே கண்டக்டர். "கண்ணாடி வாங்கலியா சார்?" என்றார். மடியில் இரண்டு அட்டையும் நடுவில் துணியும் அப்படியே இருந்தன. வாக்மேனில் சேகரின் கேசட்டைப் போட்டேன். மூன்று நிமிடம் பத்து வினாடியில் டக்கென்று நின்றது. ஹெட்போனைக் கழற்றாமல் மிச்சத்தை மனசுக்குள் ஓட்டினேன், பாயின் வேகத்தில். அவள் எழுந்து, நடந்து, கதவைச் சாத்தினாள். நெல்வாய் தாண்டியிருந்தது. அழுதேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் ஜன்னலை மூடினார், தூசி என்று நினைத்திருப்பார்.

அன்று மாலையே சேகருக்கு எழுதினேன், முடிவில் என்ன வருகிறது என்பதை. அவன் பதில் போட்டதும் அதையும் சேர்த்து இந்தப் பதிவை எழுதலாம் என்று காத்திருந்தேன். ஏழு வாரம் ஆகிறது. இனிமேல் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

போக நினைப்பவர்களுக்கு: தாம்பரத்திலிருந்து போக வர 38 ரூபாய், சாப்பாடு தனி. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகக் கடை மூடியிருக்கும், கல்யாண மாதங்களில் பாய் வெளியூரில் இருப்பார். தட்டை விலைக்குக் கேட்காதீர்கள், தரமாட்டார். போடச் சொன்னால் போடுவார். வேகத்தை மாற்றச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டாம். முதல் ஒரு நிமிடம் வெறும் இரைச்சல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டூல் தருவார், உட்காருங்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போகிற வரைக்கும் எழுந்துவிடாதீர்கள்.