சிப்பிக்கல் படி

அன்ஸியா கட்டடக் கலை படித்தவள். கொச்சி மட்டாஞ்சேரியில் அவள் பெயர் சிப்பிக்காரி. பக்கத்து வைப்பின் தீவில் இறைச்சி எடுத்தபின் கொட்டும் சிப்பி ஓடுகளைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, உமிச்சாம்பல் சேர்த்துக் கட்டடக் கற்கள் செய்கிறாள்.

முதலில் செய்த கற்கள் ஒரே மழையில் பொரிந்து உதிர்ந்தன. ஓட்டிலிருந்த உப்பை அவள் கழுவியிருக்கவில்லை. தெருவே சிரித்தது. அடுத்த தடவை ஒரு வாரம் ஊறவைத்துக் கழுவினாள். கடல் பொங்கும் வேலியேற்ற நாட்களில் காயலின் உப்புத்தண்ணீர் நுழையும் தன் வாசலிலேயே, வேண்டுமென்றே, அந்தக் கற்களால் மூன்று படிகள் கட்டினாள்.

இரண்டு வருடம் கழித்து, அதே கல்லில் வீடு கட்ட மாநகராட்சியில் அனுமதி கேட்டாள். பார்வையிட வந்த என்ஜினியர் ரமேஷ்பாபு கல்லைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“இது பாரம் தாங்காது மேடம். தாங்காதுன்னுதான் எழுதப்போறேன்.”

அவர் பேசும்போதே தெருவில் தண்ணீர் ஏறியது. ஷூ நனையாமலிருக்க அவசரமாக மேல்படிக்குத் தாவினார்.

“தண்ணி எறங்க ரெண்டு மணிக்கூர் ஆகும் சார்,” என்றாள் அன்ஸியா. “சாயா கொண்டாறேன், அங்கயே நின்னு குடிங்க. படி இடிஞ்சா இடிஞ்சதுன்னு எழுதுங்க. இடியலைன்னா, அதையும் எழுதிட்டுத்தான் எறங்கணும்.”